வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அப்பாவின் கேள்வி இது. பிளஸ் டூ முடித்த மகள், சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஆளில்லாத சரக்குக் கலம் போய் இணைவதை விடிய விடிய நேரலையில் பார்க்கிறாள். "ஏரோஸ்பேஸ் சேர்த்துவிடு, நேரே இஸ்ரோ" என்று பெரியப்பா ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா பேசி முடித்துவிட்டார். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா?

கவலை புரிகிறது ஐயா. ஆனால் வாங்காதீர்கள். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும். படிக்கும் 4 வருடமும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. இஸ்ரோவின் பொதுவான விஞ்ஞானி தேர்வு அறிவிப்புகளை எடுத்துப் பாருங்கள். எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் அடிக்கடி வரும். ஜேஇஇ அட்வான்ஸ்ட் நுழைவுத் தேர்வு எழுதி, திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளிப் படிப்புக்கான ஐஐஎஸ்டியில் இடம் வாங்கியிருந்தால் என் பதில் வேறு.

உங்கள் மகள் ரசிக்கும் சரக்குக் கலங்களுக்கு 8 மாதத்தில் 3 அடி விழுந்தது: 2014 அக்டோபர் 28-ல் அமெரிக்காவின் சிக்னஸ், 2015 ஏப்ரல் 28-ல் ரஷ்யாவின் புரோகிரஸ், ஜூன் 28-ல் அமெரிக்காவின் டிராகன். மூன்றாவதை அவளிடம் விவரமாகச் சொல்லுங்கள். 1,800 கிலோவுக்கும் மேல் சரக்கோடு டிராகனைச் சுமந்து கிளம்பிய ஃபால்கன் 9 ராக்கெட், 139-வது விநாடியில் சிதறியது. மேலடுக்கின் திரவ ஆக்ஸிஜன் தொட்டிக்குள் ஹீலியம் சிலிண்டர்கள் இருக்கும். அவை மிதந்து மேலே போகப் பார்க்கும். ராக்கெட்டின் முடுக்கம் கூடக் கூட அந்த உந்தலும் கூடும். பிடித்து நிறுத்துவது ஒரு தாங்குகம்பி. சுமார் 4,500 கிலோ விசை தாங்க வேண்டியது, 900 கிலோ அளவிலேயே விட்டுவிட்டது. கம்பி முனையில் இருந்தது 17-4 பிஎச் வகைத் துருப்பிடிக்காத உருக்கில் வார்த்த சாதாரணத் தொழிற்சாலைத் தர உதிரிபாகம். அதை மைனஸ் 183 டிகிரி குளிரில், கூடுதல் சோதனை இல்லாமல், தயாரித்தவர்கள் சொன்ன 4 மடங்குப் பாதுகாப்பு அளவையும் கடைப்பிடிக்காமல் பயன்படுத்தியது வடிவமைப்புப் பிழை என்றது நாசாவின் ஆய்வு.

இதைக் கண்டுபிடிக்கும் படிப்புக்குப் பெயர் மெட்டலர்ஜி, உலோகவியல். உங்கள் ஊரிலேயே, கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் இருக்கிறது. கவுன்சிலிங்கில் இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: வெள்ளிக் கம்பியை இழுத்துக்கொண்டே போனால் ஏன் அறுகிறது, நடுவில் சூடுகாட்டினால் ஏன் மறுபடி இளகுகிறது என்று பட்டறையில் நச்சரிக்கிறாள் என்று. அது அந்தப் பாடத்தின் முதல் வருடக் கேள்வி ஐயா! இழுக்க இழுக்க உள்ளே உள்ள படிகத் துகள்கள் நசுங்கி, உலோகம் விறைக்கிறது. சூட்டில் புதுத் துகள்கள் உருவாகின்றன. ஆய்வகத்தில் அவள் அதைக் கண்ணாலேயே பார்ப்பாள். துண்டை வெட்டி, சொரசொரப்பான எமரித் தாளில் தொடங்கி நைஸ் தாள்வரை ஒவ்வொன்றிலும் 90 டிகிரி திருப்பித் தேய்க்க வேண்டும். முந்தின தாளின் கீறல் மிச்சமிருந்தால் மைக்ரோஸ்கோப்பில் அதுதான் தெரியும், துகள் தெரியாது. பிறகு பஃப் போட்டு, இரும்பு வகை என்றால் ஆல்கஹாலில் 2 சதவீத நைட்ரிக் அமிலம் கலந்து அதில் சில விநாடி முக்க வேண்டும். கூடினால் கறுத்துவிடும், திரும்ப முதலிலிருந்து.

இதே படிப்பில் வெல்டிங்கில் விரிசல் பார்க்கவும் கற்றுக்கொடுப்பார்கள். அதற்குச் சிவப்புச் சாயம் தடவி, 10 நிமிடம் ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடிப்பார்கள். விரிசல் இருந்தால் சிவப்புக் கோடு கசியும். துடைக்கும்போது கரைப்பானை நேராகப் பீய்ச்சினால் உள்ளே போன சாயமும் வந்துவிடும், விரிசல் இல்லை என்று தப்பாகத் தேறிவிடும். துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும்.

விண்வெளிக்குத் தொடர்பு உண்டா என்று பெரியப்பா கேட்பார். கடுங்குளிர்த் திரவ எரிபொருளில் ஓடும் கிரையோஜெனிக் எஞ்சின் பாகங்களுக்கான உருக்குத் தகட்டை இஸ்ரோவுக்கு உருட்டிக் கொடுத்தது நம் சேலம் உருக்காலை. சிறப்பு உலோகங்கள் தயாரிக்கும் ஹைதராபாத் மிதானி, கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமான ஐஜிகார், இஸ்ரோவின் ராக்கெட் மையமான திருவனந்தபுரம் விஎஸ்எஸ்சி எல்லாவற்றிலும் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. இடங்கள் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் சம்பளம் ஐடிக்குப் போன தோழிகளைவிடக் குறையலாம். உலோகத்தை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரியில் வெக்கையும் தூசியும் இருக்கும். மூன்றாம் வருடத்திலிருந்தே எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வுக்குப் படித்துத் தேறினால், எம்.டெக். காலத்தில் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும்.

கட்-ஆஃப் கணக்கு தெரிந்ததுதான்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. விருப்பப் பட்டியலில் கருப்பூர் மெட்டலர்ஜியை முதலில் போடட்டும், மெக்கானிக்கலை அடுத்து. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கட்டணமே அரசு கட்டும். வீட்டிலிருந்து டவுன் பஸ். ஹாஸ்டல் செலவு இல்லை.

ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வரும்வரை எந்தக் கல்லூரிக்கும் அட்வான்ஸ் கட்டாதீர்கள். அசல் மார்க் ஷீட்டையும் டிசியையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அண்ணனே கேட்டாலும்.