ஹேண்ட்பான் தியான இசை நம் காதுக்கு ஒத்து வருமா?

கேள்வி: ஹேண்ட்பான் (இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்து ஒட்டியது போன்ற, கையால் தட்டி வாசிக்கிற எஃகு வாத்தியம்), மழை, ஓடைச் சத்தம் எல்லாம் கலந்து வருகிற தியான இசையைக் கேட்டால் நிஜமாகவே மனம் அமைதியாகுமா? கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த எனக்கு அதில் எதுவுமே நடக்காதது போல இருக்கிறது. ஆனாலும் ஒன்று வாங்கிப் பழகலாமா என்று ஆசை.

எதுவும் நடக்காமல் இருப்பதுதான் அதன் வேலை.

நாம் கச்சேரி கேட்கிற விதம் வேறு. ஆலாபனை தொடங்கியதுமே என்ன ராகம் என்று மனம் தேடும். கை தன்னால் தொடையில் தாளம் போடும். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் வந்தால், முடிவுக் கோர்வை சமத்தில், அதாவது தாளம் தொடங்குகிற இடத்தில், வந்து விழுகிறதா என்று காத்திருப்போம். திருவையாற்று ஆராதனைப் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களின் விரல்களைப் பாருங்கள், சும்மா இருக்கிற விரலே கிடையாது. அந்தப் பழக்கத்தோடு போய் உட்கார்ந்தால் ஹேண்ட்பான் வெறுமையாகத்தான் தெரியும்.

என் ஊர் நாகஸ்வரம் செய்கிற நரசிங்கம்பேட்டைக்குப் பக்கம். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஒரு பொங்கலுக்கு ஹேண்ட்பானைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, இதுல தப்புச் சுரமே விழாது, சும்மா தட்டிப் பாருங்க" என்றான். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நாகஸ்வரக்காரர், "சுரம் அசையவே மாட்டேங்குதே தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு பேர் சொன்னதும் சரி. அவன் வைத்திருந்தது 'டி குர்ட்' என்று விற்கிற வகை. மொத்தம் ஒன்பது சுரம். நடுவில் உள்ள மேட்டைச் சட்ஜமம் என்று வைத்துக்கொண்டால் சுற்றியிருப்பதெல்லாம் நடபைரவி ராகத்தின் சுரங்கள். வேறு சுரமே இல்லாததால் தவறு நேர வழியில்லை. அதே காரணத்தால் கமகத்துக்கும் வழியில்லை. எஃகில் அடித்து வைத்த சுரத்தை இழுக்கவோ வளைக்கவோ முடியாது. கமகம் இல்லாத நடபைரவியை நாம் ராகம் என்று ஒப்புக்கொள்ள மாட்டோம். அதனால்தான் உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது.

அப்படியிருந்தும் நம் காது அதில் ஏன் நிற்கிறது என்று யோசித்திருக்கிறேன். சுருதி சேர்க்கிற முறையில்தான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு சுர இடத்தையும் சுத்தியலால் தட்டித் தட்டிப் பதம் பார்க்கும்போது, அந்தச் சுரத்தோடு அதன் மேல் ஸ்தாயியும், அதற்கும் மேலே உள்ள பஞ்சமமும் சேர்ந்து ஒலிக்கும்படி செய்கிறார்கள். அதாவது எந்தச் சுரத்தைத் தொட்டாலும் அது தன்னுடைய ஸ-பவைத் தானே கொண்டு வருகிறது. ஒன்றைத் தட்டினால் அதற்கு இசைவான பக்கத்து இடங்களும் லேசாக அதிரும். தம்புரா கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. ஆகவே பாட்டு வருமென்று காத்திருக்காமல், சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டுச் சும்மா உட்காருவது போல அதைக் கேட்டுப் பாருங்கள்.

வாத்தியத்தின் கதையிலும் நமக்கு ஒரு சின்னத் தொடர்பு உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஃபெலிக்ஸ் ரோனரும் சபீனா ஷேரரும் 2000-ஆம் ஆண்டு செய்த 'ஹாங்' தான் இதன் மூலம். கடம் வாசிக்கிற ரெட்டோ வெபர் என்ற சுவிஸ் கலைஞர், அதைப் போலக் கையால் வாசிக்கிற மாதிரி, ஆனால் சுரங்களோடு ஒன்று வேண்டும் என்று அவர்களிடம் கேட்டதில் தொடங்கியது. உடனே 'எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்' என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட வேண்டாம். தகட்டில் சுரம் அடிக்கிற கலை டிரினிடாட்டின் ஸ்டீல்பானிலிருந்து வந்தது. திருவாரூர்க் கோயிலில் பஞ்சமுக வாத்தியம் இருக்கிறதே, அது வெண்கலக் குடம், கையால் வாசிப்பது. ஆனால் அங்கே பேசுவது ஐந்து வாயிலும் கட்டிய தோல். இங்கே உலோகமே பேசுகிறது.

மனம் அமைதியாகுமா என்றால், மெதுவான, சத்தம் குறைந்த இசை பதற்றத்தைக் குறைக்கும் என்பதற்கு மருத்துவ ஆய்வுகளில் ஆதாரம் உண்டு. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களிடம்கூடப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் '432 ஹெர்ட்ஸ், நோய் தீரும்' என்று படம் போட்டு வருவதை நம்பாதீர்கள். வாத்தியங்களுக்குச் சுருதி வைக்கிற வழக்கமான 440 ஹெர்ட்ஸை 432 ஆக்கினால் சுருதி அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும், அவ்வளவுதான். தன் குரலுக்கு ஏற்ப ஒன்றரைக் கட்டை, நாலு கட்டை, ஐந்து கட்டை என்று சுருதி வைத்துப் பாடுகிற நமக்கு அந்த எண்ணில் என்ன மந்திரம் இருக்க முடியும்?

எனக்குப் பிடிக்காதது அதில் சேர்க்கிற இயற்கைச் சத்தம். மலை ஓடை, குளிர்நாட்டுப் பறவைகள். நம்முடையதோ டெல்டா சமவெளி. இங்கே வாய்க்கால் சலசலக்காது, சத்தமில்லாமல் நகரும். தண்ணீரின் குரலைக் கேட்க மதகுக்கோ கலிங்குக்கோ, இல்லை ஷட்டர் திறந்திருக்கும்போது கல்லணைக்கோ போக வேண்டும். தவிர, அந்தப் பதிவுகளில் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டியிருப்பார்கள். அதே பறவை அதே இடைவெளியில் கூவுவதைக் காது ஒருமுறை பிடித்துவிட்டால் போச்சு, அதற்குப் பிறகு அடுத்த கூவலுக்குத்தான் காத்திருப்போம். சமத்துக்குக் காத்திருப்பதை விட இது மோசம்.

மழைச் சத்தத்துக்கு மட்டும் விலக்கு தரலாம். எல்லா அதிர்வெண்களும் அதில் கலந்து இருப்பதால், ஹாரன், நாய்க் குரைப்பு போன்ற திடீர்ச் சத்தங்களை அது மூடிவிடும். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் அதைக் காசு கொடுத்துக் கேட்பானேன்? வாத்தியம் மட்டும் உள்ள பதிவைக் குறைந்த சத்தத்தில் போட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். மழை விட்டதும் நடவு வயலில் தவளைகள் தொடங்கிவிடும். ஒரு பக்கம் நிற்கும், இன்னொரு பக்கம் எடுக்கும், ஒட்டு வேலை எதுவும் கிடையாது. நீங்களே பதிவு செய்வதென்றால் போன் மைக்கின் மேல் மெல்லிய துணி போட்டுக்கொள்ளுங்கள், காற்றின் இரைச்சல் குறையும். பம்பு செட்டிலிருந்து தள்ளி நில்லுங்கள். மார்கழி விடியற்காலை மட்டும் வேண்டாம், நாலு ஊர் ஒலிபெருக்கியும் சேர்ந்து விழும். ஆள்காட்டிக் குருவி இருக்கிற வரப்பும் வேண்டாம், அது கத்தினால் தியானம் செய்பவர் எழுந்து ஓட வேண்டியதுதான்.

அப்புறம், வாங்குவது. எந்தச் சுர வரிசை என்பதைக் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். வாங்கிய பிறகு வீட்டில் மாற்ற முடியாது. நல்ல வெயிலில், பூட்டிய காருக்குள் வைத்தால் சுருதி கெடும். வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடைத்து, அவ்வப்போது லேசாக எண்ணெய் தடவ வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி உப்புக்காற்று அடிக்கிற ஊர் என்றால் துருப்பிடிக்காத எஃகில் செய்ததையே கேளுங்கள். அதில் கார்வை, அதாவது தட்டிய ஒலி நிற்கிற நேரம், நீளம்; வேகமாக வாசித்தால் ஒன்றோடொன்று குழம்பும். நீங்கள்தான் வேகமாக வாசிக்கப் போவதில்லையே.