ஆறு மா நிலத்தை விற்று மகளை இங்கிலாந்தில் நர்சிங் படிக்க வைக்கலாமா?

கேள்வி: வலங்கைமான் பக்கம் எனக்கு ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நஞ்சை இருக்கிறது. குறுவை, சம்பா இரண்டும் போடுகிறேன். பெரிய பெண்ணுக்கு 23 வயது. கும்பகோணத்தில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு ஒரு தனியார் ஆய்வகத்தில் 11,000 ரூபாய் சம்பளத்துக்குப் போகிறாள். பிளஸ் டூ முடித்தபோதே நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். அப்போது நான்தான் வேண்டாம் என்றேன். இப்போது தஞ்சாவூரில் ஒரு கன்சல்டன்சியில், எந்த டிகிரி முடித்திருந்தாலும் இங்கிலாந்தில் இரண்டே வருடம் முதுகலை படித்தால் பதிவு பெற்ற நர்ஸ் ஆகலாம், மொத்தச் செலவு 60 லட்சம் என்கிறார்கள். ஆறு மாவை விற்றால் 36 லட்சம் வரும். வங்கி டெபாசிட் 6 லட்சம், மனைவியிடம் 30 பவுன் நகை இருக்கிறது. மீதிக்குக் கல்விக் கடன் வாங்கலாம் என்று இருக்கிறேன். மாதக் கடைசிக்குள் 3,000 பவுண்டு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். செய்யலாமா?
– வாசகர், வலங்கைமான்

பதில்: ஐயா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 3,000 பவுண்டை இந்த மாதம் கட்ட வேண்டாம். நிலத்துக்கு யாரிடமும் அட்வான்ஸ் வாங்க வேண்டாம். உங்கள் பெண் நர்ஸ் ஆகட்டும், அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஆசை போகவில்லை என்றால் அது விளையாட்டு ஆசை இல்லை. 23 வயது ஒன்றும் தாமதமும் இல்லை. ஆனால் கன்சல்டன்சி காட்டும் வழியை உங்கள் வீட்டுப் பணம் தாங்காது. அதே இங்கிலாந்துக்குப் போய்ச் சேர, நிலத்தைத் தொடாமல் இன்னொரு வழி இருக்கிறது.

கன்சல்டன்சி சொன்னது பொய் இல்லை. வேறு பாடத்தில் பட்டம் முடித்தவர்கள் இரண்டு வருடத்தில் நர்ஸாகப் பதிவு பெறும் முதுகலைப் படிப்பு இங்கிலாந்தில் உண்மையிலேயே இருக்கிறது. ‘ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் எம்.எஸ்சி. நர்சிங்’ என்று பெயர். பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்று நான்கு பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் இதேபோல ‘மாஸ்டர் ஆஃப் நர்சிங்’ உண்டு.

சிக்கல் எங்கே என்றால், கிட்டத்தட்ட இதே பெயரில் வேறு படிப்புகளும் இருக்கின்றன. ‘நர்சிங் ஸ்டடீஸ்’, ‘இன்டர்நேஷனல் நர்சிங்’, ‘அட்வான்ஸ்டு பிராக்டிஸ்’ என்றெல்லாம் வரும் முதுகலைகள் பெரும்பாலும் ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர்களுக்கானவை. அவற்றை முடித்தால் பட்டம் கிடைக்கும், பதிவு கிடைக்காது. பதிவு இல்லாமல் அங்கே நர்ஸாக வேலை பார்க்க முடியாது. அதனால் கன்சல்டன்சியிடம் படிப்பின் முழுப்பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுத்தில் கேளுங்கள். பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலான என்.எம்.சி., தான் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. உங்கள் பெண்ணையே அதில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கன்சல்டன்சிகளுக்குப் பல்கலைக்கழகங்கள் கமிஷன் தருவது வழக்கம். ‘மாதக் கடைசிக்குள்’ என்ற அவசரத்தில் அதற்கும் பங்கு இருக்கலாம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, படிப்பு சரியானது என்றே வைத்துக்கொள்வோம். 60 லட்சத்தில் முடியுமா?

நான் போட்ட கணக்கு இது. கல்விக் கட்டணம் வருடத்துக்கு 18,000 பவுண்டு என்றால் இரண்டு வருடத்துக்கு 36,000. இதைவிட அதிகம் வாங்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. லண்டனுக்கு வெளியே தங்கிப் படித்தாலும் வாடகை, சாப்பாடு, பயணம் எல்லாம் சேர்த்து மாதம் 1,100 பவுண்டு வேண்டும். 24 மாதத்துக்கு 26,400. மாணவர்கள் கட்ட வேண்டிய சுகாதாரக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண்டு. விசா படிப்புக்குப் பிறகும் சில மாதம் நீள்வதால் இரண்டரை வருடத்துக்கு வசூலிப்பார்கள், அது 1,940. விசாக் கட்டணத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 65,000 பவுண்டு. ஒரு பவுண்டு 120 ரூபாய் என்றால் 78 லட்சம். ஆஸ்திரேலியாவும் இதைவிட மலிவாக இருக்காது.

பகுதிநேர வேலை பார்த்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பார்கள். மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்க அனுமதி உண்டுதான். ஆனால் இது வகுப்பறைப் படிப்பு மட்டும் இல்லை. என்.எம்.சி. விதிப்படி நர்ஸ் பதிவுக்கு 2,300 மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி வேண்டும். முன் அனுபவம் இருந்தால் அதில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாம். அதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் சேரும்போதே பராமரிப்பு வேலை அனுபவம் கேட்கின்றன. பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. இரவு ஷிப்ட், சனி ஞாயிறு எல்லாம் வரும். உள்ளூர் மாணவர்களுக்கு அங்குள்ள அரசு தரும் உதவித்தொகை வெளிநாட்டு மாணவர்களுக்கு இல்லை. பகுதிநேரச் சம்பளத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

78 லட்சத்தில் உங்கள் 36 லட்சமும் 6 லட்சமும் போக, 36 லட்சம் கடன். சொந்தப் பணத்தை முதலில் செலவழித்து, கடனை இரண்டாம் வருடம் எடுத்து, வட்டி 10.5 சதவீதம் என்றால், தவணை தொடங்கும் நாளில் கடன் சுமார் 43.5 லட்சம் ஆகியிருக்கும். 15 வருடத்தில் அடைக்க மாதம் 48,000 ரூபாய்.

வேலை கிடைத்துவிட்டால் இது கட்டக்கூடிய தொகைதான். இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் புதிய நர்ஸுக்கு 2025-26 ஊதியப்படி வருடத்துக்கு 31,049 பவுண்டு. வரி, ஓய்வூதியப் பிடித்தம் போகக் கையில் மாதம் 2,000 பவுண்டு அளவில் வரும். அதில் 400 பவுண்டை ஊருக்கு அனுப்பலாம்.

வேலை கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. அங்கே சமீப காலமாகப் படிப்பு முடித்த உள்ளூர் நர்ஸ்களே வேலைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு வேலை உறுதி தருவதாக 2025 ஆகஸ்டில் அரசே ஒரு திட்டம் அறிவித்தது. படிப்புக்குப் பிறகு தங்கி வேலை தேடும் கிராஜுவேட் விசா இதுவரை இரண்டு வருடம். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். உங்கள் பெண் முடிக்கும்போது அந்த 18 மாதம்தான் இருக்கும். அதற்குள் விசாவுக்குப் பொறுப்பேற்கும் மருத்துவமனை கிடைக்க வேண்டும். ‘நர்ஸ் வேலை கிடைக்கும்வரை கேர் ஒர்க்கராகப் போகலாம்’ என்று யாராவது சொன்னால், அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லுங்கள்.

ஊர் திரும்பினால் இன்னும் கஷ்டம். நம் நாட்டில் எம்.எஸ்சி. நர்சிங் என்பது பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஒரு வருடம் வேலை பார்த்தவர்கள் படிப்பது. வேறு பட்டத்திலிருந்து நேரே முதுகலையில் சேர்ந்து நர்ஸ் ஆகும் முறை இங்கே இல்லை. வெளிநாட்டுத் தகுதியை இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்றால்தான் தமிழ்நாட்டுக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியும். அது தானாகக் கிடைப்பதில்லை. அப்படியே கிடைத்தாலும், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. மூலம் அரசு மருத்துவமனையில் ஒப்பந்தத்தில் சேரும் நர்ஸுக்கே தொகுப்பூதியம் 18,000 ரூபாய் அளவில்தான். மாதத் தவணையோ 48,000.

அந்தத் தவணை உங்கள் தலையில் விழும். கல்விக் கடனில் நீங்களும் கடன்தாரர். மீதம் இருப்பது மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். போகத்துக்கு 40 மூட்டை, மூட்டைக்கு 60 கிலோ, கொள்முதல் நிலையத்தில் கிலோவுக்கு 25 ரூபாய் என்று வைத்தால் போகத்துக்கு 60,000. குறுவை, சம்பா இரண்டும் சேர்ந்து 1.2 லட்சம். உழவு, நடவு, உரம், அறுப்புக் கூலி எதையும் கழிக்காத தொகை இது. தவணை வருடத்துக்கு 5.76 லட்சம். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து, மழையும் அறுவடையைக் கெடுக்காத நல்ல வருடத்துக்கே இந்தக் கணக்கு.

நிலத்தைப் பற்றி இன்னும் சில விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 7.5 லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் கேட்டால் வங்கி பொதுவாக அடமானம் கேட்கும். விவசாய நிலத்தைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் வங்கி நேரடியாகச் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதுதான் காரணம். ஆகவே மிச்சம் மூன்று மாவைக் காட்டி 36 லட்சம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், வீட்டைத்தான் கேட்பார்கள். அடமானம் இல்லாமல் தரும் தனியார் நிதி நிறுவனங்களில் வட்டி கூடுதல். படிக்கும்போதே வட்டி கட்டச் சொல்வதும் உண்டு.

விற்றால் வரி வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நகராட்சி எல்லையிலிருந்து சட்டம் சொல்லும் தூரத்துக்கு அப்பால் இருக்கும் கிராமத்து விவசாய நிலத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. வரி இல்லை என்பதே பல பேரை விற்கத் தூண்டுகிறது. ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் குறித்த நாளில் கட்டினால் வட்டியே இல்லாத பயிர்க்கடன் உங்களுக்கு நிலத்தின் அளவை வைத்துத்தான் கிடைக்கிறது. ஆறு மா போனால் அதுவும் சுருங்கும். டெல்டாவில் விற்ற நஞ்சையைத் திரும்ப வாங்கிய குடும்பங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நகையை இதற்காக அடகு வைக்காதீர்கள். நகைக்கடனை மொத்தமாகக் கட்டும் முறையில் எடுத்தால் 12 மாதத்துக்குள் அடைக்க வேண்டும், அல்லது வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இரண்டு வருடப் படிப்புக்கு அது ஒத்துவராது.

இப்போது நான் சொல்லும் வழி. உங்கள் பெண் இங்கேயே பி.எஸ்சி. நர்சிங் அல்லது ஜி.என்.எம். எனப்படும் மூன்று வருட டிப்ளமோ சேரட்டும். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து 45 சதவீதம் இருந்தால் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் சேரலாம். ஜி.என்.எம்.முக்கு 40 சதவீதம் போதும்; வயது வரம்பு 35. என் சாய்வு பி.எஸ்சி. நர்சிங் பக்கம். எந்த நாட்டுக்குப் போனாலும் அதற்கு மதிப்பு அதிகம், பின்னால் எம்.எஸ்சி. படிக்கவும் கதவு திறந்திருக்கும். வயது போகிறது என்று அவள் நினைத்தால் ஜி.என்.எம். முடித்து, பிறகு இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. செய்துகொள்ளலாம். அரசுக் கல்லூரி இடத்துக்கு மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவின் அறிவிப்பைக் கவனியுங்கள். தனியாரில் சேர்த்தால் இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விடுதி, சீருடை, பயிற்சிக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். 7.5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கல்விக் கடன் கிடைக்கும். உங்கள் டெபாசிட்டையும் சேர்த்தால் அதற்குள் முடித்துவிட வாய்ப்பு அதிகம். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டி வந்தால் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் வரை குறைக்கின்றன. சம்பா நெல் பணம் வந்ததும் அதைக் கட்டுங்கள்.

படித்து முடித்து, ஒன்றிரண்டு வருடம் நல்ல மருத்துவமனையில் வேலை பார்த்தபின் அவள் நர்ஸாகவே இங்கிலாந்துக்கு விண்ணப்பிக்கலாம். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் 7 மதிப்பெண் (எழுத்துத் தேர்வில் மட்டும் 6.5), அல்லது மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. தேர்வு. அப்புறம் என்.எம்.சி.யின் விண்ணப்பம் 140 பவுண்டு, கணினித் தேர்வு 83, செய்முறைத் தேர்வு 794, பதிவு 153. மொத்தம் 1,170 பவுண்டு, அதாவது 1.4 லட்சம் ரூபாய். வேலைக்கு எடுக்கும் மருத்துவமனை இதில் பாதியையோ முழுவதையோ, விமான டிக்கெட்டையோ தானே ஏற்பதும் உண்டு. தமிழ்நாடு அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷனும் நர்ஸ்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புகிறது. அதன் அறிவிப்புகளையும் பாருங்கள். பிரிட்டனில் பதிவு பெற்று 1,800 மணி நேரம் வேலை பார்த்தவர்களுக்கு ஆஸ்திரேலியா 2025 முதல் சுருக்கு வழியும் வைத்திருக்கிறது.

இந்த வழியில் மூன்று நான்கு வருடம் கூடுதலாகப் போகும். 26, 27 வயதில் நர்ஸ், 29-க்குள் வெளிநாடு. கல்யாணப் பேச்சு நடுவில் வரும், சொந்தக்காரர்கள் கேட்பார்கள், எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்த வழியில் எந்த இடத்தில் தடங்கினாலும் அவள் கையில் இந்த நாட்டில் செல்லும் பதிவும் தொழிலும் இருக்கும். உங்கள் ஒன்பது மாவும் அப்படியே இருக்கும். பையன் கல்லூரிக்குப் போகும்போது அவனுக்கும் ஒரு கடன் வாங்க இடம் இருக்கும்.

உடனே வெளிநாடு போக வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தால் ஜெர்மனியை விசாரியுங்கள். அங்கே மூன்று வருட நர்சிங் பயிற்சிக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணம் கிடையாது, பயிற்சிக் காலத்திலேயே ஊதியம் உண்டு. ஜெர்மன் மொழியை பி-1, பி-2 நிலை வரை கற்க வேண்டும்; ஒரு வருடமாவது உட்கார்ந்து படிக்க வேண்டிய வேலை அது.

இங்கிலாந்து முதுகலைக்கு நான் எப்போது சரி என்பேன்? நிலத்தை விற்காமல் பாதிக்கு மேல் சேமிப்பிலிருந்து கட்ட முடிந்து, கடனைப் பெற்றோர் வருமானத்திலேயே அடைக்க முடிகிற குடும்பத்துக்கு. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு தகவல்: வங்கிக் கல்விக் கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்கு டி.சி.எஸ். (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பதில்லை. சொந்தப் பணம் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டினால் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

உங்கள் பெண்ணின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பாடவாரியாக எனக்கு எழுதுங்கள். பார்த்துவைத்திருக்கும் கல்லூரிகளின் கட்டண விவரத்தையும் அனுப்பினால், எந்த வருடம் எவ்வளவு கடன் எடுப்பது, டெபாசிட்டில் எதைத் தொடுவது என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.