கடன் வாங்கிப் போட்ட மாத்திரை

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, எந்த நோயும் இல்லை. தாதிமைப் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வன்று நெஞ்சு படபடக்கிறது என்று கூட்டாளியின் அப்பா சாப்பிடும் ரத்தக் கொதிப்பு மாத்திரை ஒன்றைக் காலையில் போட்டிருக்கிறான். புரோப்ரனலால், 40 மில்லிகிராம். தேர்வு நன்றாகவே முடிந்தது. சாயங்காலம் தோட்டத்துத் திடலில் பந்து விளையாடப் போனவன் பத்தே நிமிடத்தில் ஓட முடியாமல் உட்கார்ந்துவிட்டான். நாடி பார்த்தால் 62தான். இதயம் கெட்டுவிட்டதா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஒரு மாத்திரையில் நல்ல இதயம் கெட்டுப்போவதில்லை அம்மா. ஆனால் நீங்கள் பார்த்த 62, அவன் உட்கார்ந்திருந்தபோது எடுத்த கணக்கு. இந்த மருந்தின் வேலை அதில் தெரியாது.

இளம் வயது இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 முறை போலத் துடிக்கும். ஓய்வில் 70ஆக இருப்பது மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு அதைப் பிடித்து இழுத்து வைத்திருப்பதால். பதற்றத்திலும் ஓட்டத்திலும் உடல் சுரக்கும் அட்ரினலினுக்கு அந்த நேரத்தில் பெரிய பங்கில்லை. அதனால் அட்ரினலினைத் தடுக்கும் புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை போட்டாலும் பத்துத் துடிப்பு போலத்தான் குறையும். ஓடும்போது கதையே வேறு. அட்ரினலின் உந்தித்தான் துடிப்பு 180, 190 என்று ஏறும். அந்த வழி அடைபட்டால் எவ்வளவு முக்கி ஓடினாலும் 140 அளவிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் தள்ளி இதயம் ஈடுகட்டப் பார்க்கும். முழுக்க முடியாது. கால் தசைக்கு ரத்தம் போதாது, கொழுப்பு கரைந்து எரிபொருளாவதும் குறையும். உங்கள் மகனின் கால் ஓய்ந்தது இதனால்தான். காலையில் போட்ட மாத்திரையின் வேகம் சாயங்காலம் வரை கொஞ்சம் மிஞ்சியிருக்கும், மறுநாள் தெளிந்துவிடும். மாத்திரை போடாத நாளிலும் இப்படி ஆனால் கிளினிக்கில் ஈசிஜி எடுத்துப் பாருங்கள்.

மேடைப் பதற்றத்துக்கு மருத்துவர்களே இதை 10 முதல் 40 மில்லிகிராம் வரை எழுதித் தருவதுண்டு. படபடப்பும் கைநடுக்கமும் அடங்கும், மனத்தின் பயம் அப்படியே இருக்கும். கை நடுங்காது என்பதால்தான் துப்பாக்கி சுடுதல், வில்வித்தைப் போட்டிகளில் இதற்குத் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதைப் போட்டுப் பிடிபட்ட வட கொரிய வீரர் இரண்டு பதக்கங்களை இழந்தார்.

எங்களுக்குக் கவலை தருவது கடன் வாங்கிப் போட்டதுதான். புரோப்ரனலால் இதயத்தோடு நிற்காமல் மூச்சுக்குழாயையும் இறுக்கும். சிறு வயதில் இளைப்பு (ஆஸ்துமா) இருந்து மறந்துபோன பிள்ளைக்கு ஒரு மாத்திரையே உயிருக்கு ஆபத்தாகலாம். இனிப்பு நீருக்கு இன்சுலின் போடுபவருக்கு சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகும், வியர்வை மட்டும் வரும். மருந்துச் சீட்டில்லாமல் இதை விற்கக் கூடாது என்று சட்டம் வைத்திருப்பது சும்மா இல்லை.

கேள்வி: கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார், வயது 52. ரத்தக் கொதிப்புக்கு அட்டெனலால் 50 மில்லிகிராம். கைக்கடிகாரத்தில் நாடி 54 என்று வருகிறது. நிறுத்திவிடலாமா?
– வாசகி, கோல சிலாங்கூர்

பதில்: நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அட்டெனலாலும் பீட்டா பிளாக்கர்தான். மாதக்கணக்கில் தடுத்து வைத்த இதயம் அட்ரினலினுக்குக் கூடுதல் கூச்சத்தோடு காத்திருக்கும். திடீரென்று விட்டால் துடிப்பும் அழுத்தமும் எகிறி மாரடைப்பு வரைகூடப் போகலாம். குறைப்பதானால் மருத்துவர் சொல்லி, படிப்படியாக.

தலைசுற்றலோ மயக்கமோ இல்லையென்றால் இந்த மாத்திரையில் 54 பயப்படும் எண்ணில்லை. ஐந்து நிமிடம் உட்காரவைத்து, பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் உங்கள் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பெருவிரலால் பார்த்தால் உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள். 50க்குக் கீழே போய்த் தலையும் சுற்றினால் அன்றே கிளினிக். மயங்கி விழுந்தால் 999க்கு அழையுங்கள்.

வேலையின்போது, நாடி அதிகபட்சம் எவ்வளவு ஏறலாம் என்று பார்க்க 220இல் வயதைக் கழிக்கும் கணக்கு இவருக்குப் பொருந்தாது. குலை வெட்டும்போது பேச்சுக் கொடுங்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சிரைக்காமல் சொல்ல முடியாவிட்டால் வெட்டும் கருவியைக் கீழே வைத்துவிட்டு நிழலில் உட்காரட்டும்.