பாக்கி தீர்ந்ததும் போய்விட்டார்களே!

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் நண்டுச் சதை எடுக்கும் கம்பெனி நடத்துகிறேன். 28 பெண்கள் வேலை பார்க்கிறார்கள். காதுகுத்து, சடங்கு என்றால் கேட்டதும் முன்பணம், தீபாவளிக்குச் சேலை. வீட்டுச் சண்டையைக்கூட நானே பேசித் தீர்ப்பேன். அப்படியும் ஏழு பேர் போய்விட்டார்கள். அவர்கள் எனக்குத் தரவேண்டிய முன்பணப் பாக்கியைப் புதுக் கம்பெனிக்காரரே அடைத்துவிட்டார். நான் என்ன குறை வைத்தேன்?

பதில்: உங்கள் மனசில் குறையில்லை, ஐயா. ஆனால் பாக்கி தீர்ந்த அன்றே கிளம்பினார்கள் என்றால், அதுவரை அவர்களைப் பிடித்து வைத்திருந்தது பாக்கிதான். ஒருவர் வேலையில் நீடிக்க மூன்று காரணங்கள் உண்டு என்று மேயர், ஆலன் என்ற ஆய்வாளர்கள் 1991-ல் எழுதினார்கள்: பிடித்துப்போய் இருப்பது, போனால் நஷ்டம் என்று இருப்பது, நன்றிக்கடனுக்காக இருப்பது. முன்பணம் இரண்டாவது, சேலை மூன்றாவது. முதலாவதற்கு நீங்கள் இன்னும் எதுவும் செய்யவில்லை.

தகப்பன் ஸ்தானத்தில் நிற்கும் முதலாளியிடம் கனிவும் இருக்கும், அதிகாரமும் இருக்கும். கனிவு ஆளை ஒட்டவைக்கும், அதிகாரம் விலக்கும். வீட்டுச் சண்டையில் அவர்கள் கூப்பிடாமல் நுழையாதீர்கள். முன்பணத்தைக் காட்டி யாரையும் போகவிடாமல் தடுக்கவும் கூடாது; அது 1976-ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் கொண்டுபோய் விடும்.

இப்படி ஒரு கம்பெனியில் நான் பார்த்தது: விரலெல்லாம் நண்டு ஓடு குத்திய கீறல், தட்டில் பாதிச் சதை, இடுப்பில் போன் அடிக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். அந்தப் பெண் போனை எடுக்காமல் மேஸ்திரி முகத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் மேஸ்திரி, "போயிட்டு வாக்கா, தட்டை நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னால், பத்துச் சேலைக்குக் கிடைக்காத பாசம் கிடைக்கும். எனவே முதலில் மேஸ்திரியிடம் பேசுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிறவர் அரை மணி நேரம் பிந்தி வரலாம் என்று எழுதிப் போடுங்கள். வாய்ச்சொல்லாக இருந்தால் அது சலுகை. எழுதிவிட்டால் தயங்காமல் கேட்பார்கள்.

குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் இருந்தால்தான் குழந்தைகள் காப்பகம் சட்டப்படி கட்டாயம். உங்களுக்கு இல்லை. இருந்தாலும் ஓர் அறையில் பாயும் தொட்டிலும் போட்டு, பார்த்துக்கொள்ள ஒரு பாட்டியை அமர்த்துங்கள். பி.எஃப். அப்படியல்ல: 20 பேர் இருந்தாலே அது உங்கள் கடமை, உதவிக் கணக்கில் சேராது.

போன ஏழு பேரில் ஒருவரை வழியில் பார்த்தால் கோபப்படாமல், அங்கே எத்தனை மணிக்கு வேலை விடுகிறார்கள் என்று கேளுங்கள்.