வேறு நாட்டுச் சிறையில் இருப்பவன் எங்கள் வழக்குக்கு எப்போது வருவான்?

கேள்வி: ஐயா, என் தம்பி 2018இல் உப்புவெளிப் பக்கம் வெட்டிக் கொல்லப்பட்டான். கொடுக்கல் வாங்கல் தகராறு. சந்தேகநபர் விளக்கமறியலில் இருந்து, மேல் நீதிமன்றப் பிணையில் வெளியே வந்தான். பிறகு ஆளைக் காணவில்லை. படகேறித் தமிழ்நாடு போனதாகச் சொன்னார்கள். அங்கே அவன் மேல் பொய்க் கடவுச்சீட்டு வழக்கு இருக்கிறதாம். இப்போது மலேசியாவில் இன்னொருவரைக் கொன்றதாகப் பிடிபட்டிருக்கிறான். ஊர்ப் பொடியள் அவன் படத்தை பேஸ்புக்கில் போட்டு "தூக்கில் போடு" என்று எழுதுகிறார்கள். நீதிமன்றத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டம் என்று எங்களையும் கூப்பிடுகிறார்கள். அங்கே தண்டித்தால் இங்கே வழக்கு முடிந்துவிடுமா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்? தம்பியின் கைபேசி எங்களிடம்தான் இருக்கிறது. அம்மா இரவில் அதில் அவன் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பா.
– திருகோணமலை வாசகி

பதில்: முடியாது, சகோதரி. ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு தடவை விசாரிக்கக் கூடாது என்பது உண்மை. ஆனால் மலேசியாவில் இறந்தவர் வேறு, உப்புவெளியில் இறந்த உங்கள் தம்பி வேறு. அந்த நாட்டுத் தீர்ப்பு எதுவாக இருந்தாலும் இந்தக் கோப்பு அப்படியே இருக்கும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, பெரும்பாலான குற்றங்களுக்கு 20 ஆண்டு கடந்தால் வழக்குத் தொடர முடியாது. கொலைக்கு அந்த எல்லை இல்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது சார்ள்ஸ் சோப்ராஜின் கதை தெரிந்தவர்களுக்குப் புரியும். தாய்லாந்தில் அவர் மேல் கொலைக் குற்றச்சாட்டுகள் இருந்தன. 1976இல் இந்தியாவில் பிடிபட்டார். தண்டனை முடியும் தறுவாயில், 1986இல் திகார் சிறையிலிருந்து தப்பினார். சில வாரங்களில் கோவாவில் அகப்பட்டு மறுபடியும் உள்ளே போனார். தாய்லாந்தின் 20 ஆண்டுக் கெடு ஓடி முடியட்டும் என்றுதான் அப்படிச் செய்தார் எனப் பரவலாகச் சொல்வார்கள். 1997இல் அவர் வெளியே வந்தபோது அந்தக் கெடு முடிந்திருந்தது. ஆனால் 2003இல் காத்மண்டுவுக்குப் போனார். 1975இல் நடந்த ஒரு கொலைக்காக நேபாளம் அவருக்கு 2004இல் ஆயுள் தண்டனை கொடுத்தது. கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து! ஒரு நாட்டில் வழக்குகள் காலத்தால் செத்துப்போயின; இன்னொரு நாட்டில் வேறொரு கொலை வழக்கு உயிரோடு இருந்திருக்கிறது. உங்கள் வழக்கு காலத்தால் சாகாது. சாட்சி இல்லாமலும் கடதாசி இல்லாமலும் சாகலாம்.

இனி, யார் முதலில் என்ற கேள்வி. ஆள் எந்த நாட்டின் கையில் இருக்கிறானோ அந்த நாடுதான் வழமையாக முதலில் விசாரிக்கும். இலங்கை கேட்டாலும், "எங்கள் வழக்கும் தண்டனையும் முடியட்டும்" என்று மலேசியா சொல்லலாம். இந்தியாவின் கடவுச்சீட்டு வழக்கு இந்த வரிசையில் கடைசியில் நிற்கும். அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். மலேசியாவில் 2023 ஜூலையிலிருந்து கொலைக்கு மரணதண்டனை கட்டாயம் இல்லை. நீதிபதி அதற்குப் பதிலாக 30 முதல் 40 ஆண்டுச் சிறை கொடுக்கலாம். அப்படியானால் அவன் ஊர் திரும்பும்போது நீங்கள் என்ன வயதில் இருப்பீர்கள் என்று கணக்குப் பார்க்கிறீர்கள், தெரியும்.

தற்காலிகமாக அனுப்பி, விசாரித்து, திருப்பி எடுக்கும் வழியும் உண்டு. ஒல்லாந்தைச் சேர்ந்த யோரான் வான் டெர் ஸ்லூட் அப்படித்தான் போனார். 2005இல் அரூபாத் தீவில் ஓர் அமெரிக்க மாணவி காணாமல் போனதில் அவர்தான் சந்தேகநபர். சரியாக ஐந்து வருடம் கழித்து பெருவில் இன்னொரு பெண்ணைக் கொன்றார். 28 ஆண்டு கிடைத்தது. 2023 ஜூனில் பெரு அவரை அமெரிக்காவுக்குத் தற்காலிகமாகக் கொடுத்தது. அங்கே அவர் மேல் இருந்தது கொலை வழக்கு அல்ல, மாணவியின் தாயிடம் பணம் பறிக்கப் பார்த்த வழக்கு. அந்த வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டின் பேரில்தான் கொன்றதை ஒப்புக்கொண்டார். அரூபாவிலோ கொலை வழக்கின் காலம் கடந்திருந்தது. பதினெட்டு வருடம் காத்திருந்த அந்தத் தாய்க்கு உண்மை கிடைத்தது, கொலைத் தண்டனை கிடைக்கவில்லை. உங்களுக்கு இரண்டும் கிடைக்க வழி இருக்கிறது.

எங்கள் பத்திரிகைகள் எல்லாவற்றையும் "நாடுகடத்தல்" என்று எழுதுவதால் ஒரு குழப்பம். கேட்டு வாங்குவது ஒப்படைத்தல்; 1977ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் நடப்பது, இழுபடும். தண்டனை முடிந்த வெளிநாட்டவரை விமானமேற்றி ஊருக்கு அனுப்புவதுதான் நாடுகடத்தல். பல வழக்குகளில் ஆள் வந்துசேர்வது இந்த இரண்டாவது வழியால்தான். அந்த நாளில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவன் பெயருக்கு உயிருள்ள திறந்த பிடியாணை இருக்க வேண்டும். பொய்க் கடவுச்சீட்டுக்காரன் என்கிறீர்கள். ஆகவே பெயரை நம்பாமல், விளக்கமறியலில் இருந்தபோது எடுத்த கைவிரல் அடையாளங்களும் கோப்பில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இன்டர்போல் சிவப்பு அறிவித்தல் என்று யூரியூப்காரர் பெரிதாகச் சொல்கிறார்கள். அது பிடியாணை அல்ல, ஆளைத் தேடிப் பிடித்து வைக்கும்படி உறுப்பு நாடுகளுக்கு விடும் வேண்டுகோள். குடும்பத்தார் நேரடியாகக் கேட்க முடியாது, பொலிஸ் ஊடாகத்தான் போகும். மலேசியாவில் உள்ளே இருப்பவனுக்கு அது இப்போது அவசரமும் இல்லை.

ஆள் இல்லாமலே மேல் நீதிமன்றம் விசாரிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 241ஆம் பிரிவு. சாட்சிகள் வயதானவர்கள் என்றால் இதைப் பற்றி அரச சட்டத்தரணியிடம் கட்டாயம் பேசுங்கள். ஆனால் அவன் ஒளிந்து திரியவில்லை, வேறு நாட்டுச் சிறையில் இருக்கிறான். நாளைக்கு வந்து "வர முடியாத நிலையில் இருந்தேன், மறுபடி விசாரியுங்கள்" என்று கேட்கலாம். என் கட்சிக்காரர் என்றால் நான் உடனே இதைக் கேட்கச் சொல்ல மாட்டேன்.

பேஸ்புக் விஷயத்துக்கு வருவோம். கோபம் நியாயம்தான். சனம் குரல் கொடுத்ததால் நகர்ந்த வழக்குகள் உண்டு. 2015இல் புங்குடுதீவு மாணவி கொல்லப்பட்டபோது, சுவிஸிலிருந்து வந்திருந்த சந்தேகநபரை ஊரே பிடித்துக் கொடுத்தது. அவர் தப்பிக் கொழும்பு போனதும் அந்தக் கூச்சலால்தான் வெளியே வந்தது. அதே கூச்சல் யாழ்ப்பாண நீதிமன்றத்துக்குக் கல்லெறிந்தது. நூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உள்ளே போனார்கள். 2017இல் ஏழு பேருக்கு மரணதண்டனை கிடைத்தது சான்றுகளால், கல்லெறியால் அல்ல.

உங்கள் வழக்கில் ஆபத்து வேறு மாதிரி. அவனுடைய வழக்கறிஞர் அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து வைத்திருப்பார். "விசாரணை வேண்டாம், தூக்கில் போடு" என்ற வரிகளைக் காட்டி, இலங்கைக்கு அனுப்பினால் நியாயமான விசாரணை கிடையாது என்று வாதாடலாம். அதைவிட மோசம், யாரோ ஒருவர் சும்மா "இவன் இயக்கம்", "இவன் காட்டிக்கொடுத்தவன்" என்று எழுதிவிடுவது. அரசியலுக்காகவோ இனத்துக்காகவோ துன்புறுத்தப்படக்கூடியவரை ஒப்படைப்பதில்லை என்பது ஒப்படைப்புச் சட்டங்களின் பொதுவான விதி. பணத்துக்காக வெட்டியவனை அரசியல் அகதியாக்க அந்த ஒரு வரி உதவும். வேறு யாரும் அல்ல, உங்கள் பக்கத்து ஆட்களே எழுதிக் கொடுத்ததாக இருக்கும்.

படம் போடுவதால் வரும் கேடு இன்னொன்று. சாட்சி அவனை முன்பே தெரிந்தவர் என்றால் பெரிய பாதிப்பில்லை. சம்பவ இடத்தில்தான் முதல் தடவை கண்டவர் என்றால், பலர் நடுவே நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு ஏற்கெனவே நடந்துவிட்டதா என்று பாருங்கள். நடக்கவில்லை என்றால் அந்தப் படம் சாட்சியத்தைக் கெடுத்துவிடும்; "பேஸ்புக்கில் பார்த்த முகத்தைத்தானே காட்டினீர்?" என்ற ஒரு குறுக்குக் கேள்வி போதும். ஆகவே பொடியளிடம் மெதுவாகச் சொல்லி எடுக்கச் செய்யுங்கள். பொலிஸிடம் ஒப்புக்கொண்டான் என்று போடுகிறார்களே, அதற்கும் மதிப்பில்லை. பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி அவனுக்கு எதிராகச் செல்லாது. நீதிமன்றத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டம் வேண்டாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தவே வேண்டாம். நிற்கத்தான் வேண்டும் என்றால் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தம்பியின் படத்தோடு நில்லுங்கள், அவன் படத்தோடு அல்ல.

செய்ய வேண்டியது அலுப்பான வேலை. நீதவான் நீதிமன்ற இலக்கம், மேல் நீதிமன்ற இலக்கம், சட்டமா அதிபர் திணைக்களக் கோப்பு இலக்கம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மலேசியாவில் ஆள் இருப்பதை எழுத்தில், பதிவுத் தபாலில் சட்டமா அதிபருக்கு அறிவியுங்கள்; பிரதி பொலிஸுக்கு. 2002இன் 25ஆம் இலக்கப் பரஸ்பர உதவிச் சட்டத்தின்படி வெளிநாடுகளோடு இப்படியான கோரிக்கைகளைக் கையாளும் மத்திய அதிகாரி நீதி அமைச்சின் செயலாளர்தான். அவருக்கும் ஒரு பிரதி போகட்டும். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள், வெட்கம் வேண்டாம்.

மொழியைக் கவனியுங்கள். சாட்சி தமிழில் சொன்னதைப் பொலிஸ் சிங்களத்தில் எழுதியிருக்கும். மலேசியாவுக்கு ஆங்கிலத்தில் போகும். இரண்டு இடத்தில் அர்த்தம் நழுவலாம். மொழிபெயர்ப்பின் கனம் மூதூருக்குத் தெரிந்த அளவு வேறு ஊருக்குத் தெரியாது. சவூதியில் பணிப்பெண்ணாக இருந்து, ஒரு குழந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மூதூர்ப் பிள்ளை ரிசானா நஃபீக்கின் வாக்குமூலம் தகுதியான மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாங்கப்பட்டது என்று மனித உரிமை அமைப்புகள் சொல்லிக்கொண்டே இருந்தன. 2013 ஜனவரி 9ஆம் திகதி சவூதி அந்தப் பிள்ளையைக் கொன்றது. வாக்குமூலப் பிரதிகளை எடுத்து, மொழிபெயர்ப்பு சரிதானா என்று மட்டும் சாட்சிகளோடு ஒரு தடவை பார்க்கும்படி உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

சாட்சிகள் எங்கே இருக்கிறார்கள்? யாராவது கனடா, லண்டன் போய்விட்டார்களா? 2006 ஜனவரி 2ஆம் திகதி எங்கள் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், 2019 ஜூலையில் 13 பேரும் சான்று போதாது என்று விடுவிக்கப்பட்டார்கள். முக்கியமான சாட்சிகள் நாட்டில் இல்லை. அந்த நாளை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. வெளிநாட்டில் இருந்தபடியே காணொளி வழியாகச் சாட்சியம் சொல்ல, பாதிக்கப்பட்டோர் மற்றும் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 2023இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. ஒவ்வொருவரின் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் இப்போதே வாங்கி வையுங்கள். ஆனால் சாட்சி என்ன சொல்ல வேண்டும் என்று நீங்கள் அவர்களோடு கதைக்கக் கூடாது.

கடைசியாக அந்தக் கைபேசி. அதை விற்கவோ, திருத்தக் கொடுக்கவோ, பழையதை அழிக்கவோ வேண்டாம். பணத் தகராறு பற்றிய தகவல்கள் அதில் இருக்கலாம். ஒவ்வொரு இரவும் திறப்பதால், யாரோ உள்ளே கை வைத்தார்கள் என்ற வாதத்துக்கு இடம் வரும். அணைத்து, உறையில் போட்டு ஒட்டி, திகதி எழுதி, நீதிமன்றத்தில் ஒப்படைக்கும்படி உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். தம்பி அம்மாவுக்கு அனுப்பிய குரல் பதிவுகள் அம்மாவின் சொந்தக் கைபேசியிலும் இருக்கும். அழிபடாமல் இன்னொன்றிலும் எடுத்து வைத்துவிட்டு, அம்மா அதிலேயே கேட்கட்டும்.