நிவாரணப் பணிக்குப் போக விரும்பும் ஒருவருக்கு

அன்புள்ள ஐயா,

எனக்கு 25 வயது. சிவில் எஞ்சினியரிங் முடித்துவிட்டு சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கிறேன். காசா, சூடான் செய்திகளைப் பார்த்தபின் வேலையில் மனம் ஒட்டவில்லை. போரும் பேரிடரும் நடக்கும் இடங்களில் மக்களுக்கு உதவ வேண்டும். கடன் வாங்கி ஜெனீவாவில் முதுகலை படிக்கலாமா? நேராக ஐ.நா.வில் சேர வழி உண்டா?

ச., சென்னை

அன்புள்ள ச.,

கடன் வாங்காதீர்கள். 2025இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியதில் பல வருட அனுபவம் உள்ளவர்களே வேலை இழந்து நிற்கிறார்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தின் விவரமெல்லாம் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது, அதை என்னிடம் கேட்க வேண்டியதில்லை.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். உதவ வேண்டும் என்று எழுதிய நீங்கள், என்ன வேலை செய்யத் தெரியும் என்று ஒரு வரி எழுதவில்லை. சிவில் படித்தவர் நீங்கள்! முகாமில் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய் என்கிறது, நிவாரணப் பணிக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்பியர் கையேடு. கழிப்பறை தூரத்தில் இருட்டில் இருந்தால் பெண்கள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். இதைச் சரிசெய்யும் படிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு பட்டம் எதற்கு?

2005 ஜனவரியில், சுனாமிக்குப் பிறகு, நாகப்பட்டினத்தில் இருந்தேன். லாரி லாரியாக வந்த பழைய துணி ரோட்டோரம் குவிந்து கிடந்தது, யாரும் சீண்டவில்லை. இரக்கத்துக்குப் பஞ்சமே இல்லை. யாருக்கு உதவி போக வேண்டும் என்ற பட்டியல்தான் தப்பு. மீனவர் குப்பங்களுக்கு நிவாரணம் போனது, போகவேண்டியதுதான், அதிகம் செத்தது அவர்கள். ஆனால் உப்புத்தண்ணீர் புகுந்த வயல்களில் கூலி வேலை செய்த தலித் குடும்பங்களும், கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் பல ஊர்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். படகு இல்லை, ரேஷன் கார்டு இல்லை, ஊர்ப் பஞ்சாயத்துக் கணக்கில் பேர் இல்லை. "எங்க வீட்டுக்கும் தண்ணி வந்துச்சு, எழுதத்தான் ஆள் வரல" என்றார் ஒரு அம்மா. ஊர்ப் பெரியவர் கொடுத்த பட்டியலை அப்படியே வாங்கிக்கொண்டு போகிறவர் எத்தனை நல்லவராக இருந்தாலும் அந்த அம்மாவைப் பட்டினி போடுகிறார். வீடு வீடாகப் போக வேண்டும், கடைசித் தெருவுக்கும் போக வேண்டும், கார்டு இல்லாதவரைத் தேடிப் போய் எழுத வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வேலையை எங்குமே பெரும்பாலும் செய்வது உள்ளூர் ஆட்கள்தான். 2006 ஆகஸ்டில் இலங்கையின் மூதூரில் ஒரு பிரெஞ்சு உதவி நிறுவனத்தின் ஊழியர்கள் 17 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். எல்லாரும் உள்ளூர்க்காரர்கள், ஒருவரைத் தவிர மற்றவர்கள் தமிழர்கள். சுனாமி பாதித்த ஊர்களில் தண்ணீர், சுகாதார வேலை செய்துகொண்டிருந்தவர்கள். களத்துக்குப் போக வேண்டும் என்று யாராவது எழுதினால் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வருகிறது. உங்கள் மனசு ஒட்டவில்லை என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, அம்மா அப்பாவிடமும் இதைப் பேசிவிடுங்கள்.

இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். சனி ஞாயிறுகளில் கடலூர்ப் பக்கம் போங்கள், அங்கே வேலை செய்கிற ஒரு சின்ன அமைப்போடு சேர்ந்து, புயல் காலத்துக்கு முன்னாலேயே ஒரு ஊரை முழுசாக எழுதுங்கள்: நடக்க முடியாதவர் யார், கர்ப்பிணி யார், கைப்பம்பு எந்த மழையில் மூழ்கும். ஸ்பியர் கையேடு இணையத்தில் இலவசம், பஸ்ஸில் படிக்கலாம். ஒரு ஊர் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள், எந்த நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பது என்று அப்புறம் பேசுவோம்.