பெரா ரிப்போர்ட்டில் 40, 70 என்றால் என்ன?

வணக்கம் சகோதரி. இரண்டு மாதக் குழந்தைக்கு ஓஏஇ சோதனையில் (உள்காது திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியைப் பதிவு செய்யும் சோதனை) ‘ரெஃபர்’, அதாவது தேறவில்லை, மேலும் சோதிக்க வேண்டும் என்று வந்தது, பெராவில் (ஒலிக்கு காது நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின்சைகையைப் பதிவு செய்யும் சோதனை) வலது காது 40, இடது காது 70, அப்படியானால் 70 சதவீதம் கேட்காதா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில், அது சதவீதமே இல்லை, ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபல். தூங்கும் குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எலக்ட்ரோடு ஒட்டி, காதில் ‘டிக் டிக்’ என்று ஒலி கொடுப்பார்கள். காது நரம்பிலிருந்து மூளைத்தண்டு வரை போகும் மின்சைகை அலை அலையாகப் பதிவாகும். ஒலியைக் குறைத்துக்கொண்டே வரும்போது ஐந்தாவது அலை கடைசியாக எந்த அளவில் தெரிகிறதோ, அதுதான் அந்த எண். 30 வரை தெரிந்தால் பொதுவாக நார்மல் என்பார்கள். ஆக வலதில் லேசான குறைவு, இடதில் கணிசமான குறைவு.

ஆனால் காரணம் என்ன என்று இந்த எண் சொல்லாது. நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் ஓஏஇ தவறும், பெரா எண்ணும் ஏறும். அதனால் டிம்பனோமெட்ரி, அதாவது செவிப்பறையும் நடுக்காதும் எப்படி அசைகின்றன என்று பார்க்கும் சோதனை, கேளுங்கள். இந்த வயதில் அதை 1000 ஹெர்ட்ஸ் ஒலியில் செய்ய வேண்டும், இதைக் கட்டாயம் சொல்லுங்கள். காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு வழியாக ஒலி கொடுக்கும் எலும்பு வழி பெராவும் எடுத்தால் கோளாறு நடுக்காதிலா உள்காதிலா என்று பிரித்துவிடலாம். அப்புறம், ‘டிக்’ ஒலி பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள உயர்ந்த சுருதி ஒலி எப்படிக் கேட்கிறது என்பதைத்தான் காட்டும். தாழ்ந்த சுருதி ஒலிக்கு, ஒவ்வொரு சுருதியிலும் குட்டி ஒலி கொடுத்துப் பார்க்கும் டோன் பர்ஸ்ட் பெரா தனியாக வேண்டும்.

“வளர்ந்தால் சரியாகிவிடும்” என்று யார் சொன்னாலும் தள்ளிப்போடாதீர்கள். குழந்தையின் மூன்று மாத வயதுக்குள் என்ன குறை என்று உறுதியாகி, தேவைப்பட்டால் ஆறு மாத வயதுக்குள் காது கேட்கும் கருவி மாட்டிவிட வேண்டும். அடுத்த முறை போகும்போது அலைகள் அச்சான தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.